முதலில் சேறு, கடைசியில் கட்டடம்

வளைமூக்கு உள்ளானின் எடை ஏறக்குறைய அறுபது கிராம். ஒரு கோழிமுட்டையின் கனம். சைபீரியாவின் வடகோடியில், பனி விலகும் கொஞ்சக் காலத்துக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே கிளம்பும் இந்தப் பறவை, ஓகஸ்ட் கடைசியில் இலங்கையின் களப்போரங்களில் வந்து இறங்குகிறது. இறங்கியதும் அதற்கு ஒரே வேலைதான், சாப்பிடுவது. தலையைக் குனிந்தபடியே, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அடுத்தடுத்துச் சேற்றில் அலகைக் குத்திக்கொண்டு போகும். கண்ணால் தேடுவது குறைவு. அலகின் நுனிக்கே தொடுவுணர்வு உண்டு, சேற்றுக்குள் நெளியும் புழுவை அதுவே கண்டுபிடித்துவிடும். இந்த வேலைக்கு அதன் கால் நனைய வேண்டும், வயிறு நனையக் கூடாது. நீர் ஐந்தாறு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறிவிட்டால் அந்த இடம் அதற்குக் கடல் மாதிரி. நீர் முழுதாக வற்றிச் சேறு காய்ந்து வெடித்துவிட்டால் அது சிமெந்துத் தரை. வலசைப் பறவைகளுக்காக ஓர் இயற்கை நிலையம் அமைக்க நினைக்கிறவர்கள் வரைபடத்தை இந்த ஐந்து சென்ரிமீற்றரிலிருந்துதான் தொடங்க வேண்டும். வழக்கத்தில் நடப்பது தலைகீழ். கூரையின் வளைவு, பார்வைக் கோபுரம், கண்ணாடிச் சுவர், சிற்றுண்டிச்சாலை, வாகனத் தரிப்பிடம் என்று வரைந்து முடித்தபின், மிஞ்சிய வெள்ளைத் தாளில் நீல மை தீட்டி அதற்கு ‘ஈரநிலம்’ என்று பெயர் எழுதிவிடுகிறார்கள்.

திருகோணமலையை முன்வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலியின் ஒரு கிளை வந்து விழுகிறது. கிண்ணியாவுக்கு உட்புறம் தம்பலகாமக் குடா கிடக்கிறது. யன்னற்சிப்பி என்று சொல்லும் தட்டைச் சிப்பியின் முத்துக் குளிப்புக்கு ஒரு காலத்தில் பேர்போன இடம். வடக்கே நிலாவெளியில் களப்புகளும் உப்பளமும், அதற்கும் வடக்கே புல்மோட்டையைத் தாண்டினால் கொக்கிளாய்க் களப்பும் இருக்கின்றன. தெற்கே சேருவில, வெருகல் பக்கம் வெள்ளச் சமவெளியும், வில்லு எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளும். இவற்றுக்கு நடுவில் நகரம். நகரத்துக்குள் துறைமுகத்தை அண்டிய குடியிருப்பாக லிங்கநகர். இந்தக் கட்டுரை சொல்ல வருவது சுருக்கமானது, ஆனால் கேட்டவுடன் பலருக்குப் பிடிக்காதது: பறவை நிலையத்தின் கட்டடம் லிங்கநகர் போன்ற ஊர்மனைக்குள்தான் வர வேண்டும், பறவை இறங்கும் களப்புக் கரையில் வரவே கூடாது. களப்பில் வடிவமைக்க வேண்டியது நீர்மட்டத்தை மட்டும்தான். பணம், நிலம், நிபுணர் நேரம் மூன்றிலும் முதல் பங்கு அந்த நீருக்கும் சேற்றுக்கும் போய், மிச்சத்தில்தான் சுவர் எழும்ப வேண்டும்.

வலசையின் கணக்கைப் பார்த்தால் இதன் நியாயம் தெரியும். மத்திய ஆசிய வலசைப் பாதை என்று அறிவியலாளர் சொல்லும் வான்வழி முப்பது நாடுகளுக்கு மேலாக விரிந்து, தெற்கே இந்தத் தீவை நோக்கி ஒடுங்கி வருகிறது. இலங்கைக்குள் பறவைகள் மூன்று வழியாக நுழைகின்றன என்பது இங்குள்ள பறவையியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டி வரும் வழி ஒன்று, கிழக்குக் கரையை ஒட்டி வரும் வழி இன்னொன்று, அந்தமான் பக்கத்திலிருந்து கடல் கடந்து வரும் வழி மூன்றாவது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கால்வளையம் மாட்டி விடும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் எந்த இனங்களோ, அதே இனங்கள்தான் நமது கிழக்குக் கரையிலும் இறங்குகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இடங்காட்டிக் கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ஒன்று, மேகா என்று பெயர் வைத்தார்கள், இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் துருவக் கரைவரை போய்விட்டு மறுபடி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. இப்படி வருகிற பறவைக்கு இலங்கைக்குத் தெற்கே நிலமே இல்லை. அடுத்த தரை அண்டார்டிக்கா. ‘இங்கே சரியில்லை, கொஞ்சம் தள்ளிப் போவோம்’ என்று அது தெற்கே நகர முடியாது. 2024 ஒக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 16 வகைக் கரைப்பறவைகள் முன்பைவிட அதிக ஆபத்தான நிலைக்கு மாற்றப்பட்டன. நமது வளைமூக்கு உள்ளானும் அவற்றில் ஒன்று.

இனி நமது களப்பின் சுபாவம். வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் சறுக்குகிற இடமும் இதுதான். ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் கரைப்பறவையின் நாளை நடத்துவது வற்றுப்பெருக்கு. கடல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீற்றர்க் கணக்கில் இறங்கி, மைல் கணக்கில் சேற்றைத் திறந்துவிடும். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. இங்கே சேற்றைத் திறப்பதும் மூடுவதும் பருவகாலம். ஓகஸ்ட், செப்டெம்பரில் முதல் கூட்டங்கள் வரும்போது கச்சான் காற்றில் களப்பு காய்ந்து சுருங்கிக் கிடக்கும். ஓரமெல்லாம் மெல்லிய நீரும் சேறும், பறவைக்கு விருந்து. ஒக்டோபருக்குப் பிறகு வாடை மழை பிடித்துவிட்டால் குளங்கள் வான் பாயும், களப்பு நிரம்பும், முகத்துவாரத்து மணல்மேடு உடைபடும். அப்போது நீலச்சிறகி, ஊசிவால் போன்ற வாத்துகளுக்குக் கொண்டாட்டம், உள்ளானுக்குத் திண்டாட்டம். அது வயல்வரப்புக்கும் உப்பளப் பாத்திக்கும் சிதறிப் போகும். பெப்ரவரியிலிருந்து நீர் மெதுவாக இறங்கும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் சேறு மறுபடி வெளியே வரும். ஏறக்குறைய அதே வாரங்களில்தான் பறவை வடக்கே புறப்படுவதற்காகக் கொழுப்புச் சேர்க்க வேண்டும். இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக ஓடும்வரை பிரச்சினை இல்லை. மேல்நிலத்து வயல்களின் கழிவு நீர் மார்ச்சிலும் களப்புக்குள் வந்துகொண்டிருந்தால், அல்லது முகத்துவாரத்தை யாரோ பருவம் தப்பி வெட்டிவிட்டால், அல்லது வீதிக்குப் போட்ட மண் அணைக்கட்டில் வைத்த மதகு போதாமல் நீர் தேங்கி நின்றால், கடிகாரம் பிசகும். களப்பு அழகாக நிரம்பித்தான் இருக்கும், படம் எடுத்தால் பச்சையும் நீலமுமாக வரும். பறவை மட்டும் பட்டினியோடு சைபீரியாவுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்கள் தெற்கே புந்தலவைப் பார்க்கலாம். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் வந்த இலங்கையின் முதலாவது ஈரநிலம் அது, 1990இல் அறிவிக்கப்பட்டது. 1993இல் தேசியப் பூங்காவானது, 2005இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமும் ஆனது. காவலர் இருந்தார்கள், வேலி இருந்தது, வருகையாளர் நிலையம் இருந்தது. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே நினைவுக்கு வருவது ஆயிரக்கணக்கில் வந்து நின்ற பூநாரைகள். ஆனால் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தின் கீழ் விரிந்த வயல்களிலிருந்து வடிந்த நன்னீர், எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் வருடம் முழுக்க வந்து விழுந்தது. உப்பு குறைந்தது. உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களையும் சிற்றிறாலையும் வடித்துத் தின்னும் பூநாரைக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியோடு அந்தப் பெருங்கூட்டங்கள் வருவது நின்றுபோய், இப்போது பூநாரை பார்க்க விரும்புகிறவர்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் போகிறார்கள். ஒரு விருதும் குறையவில்லை, ஓர் அறிவிப்புப் பலகையும் சாயவில்லை. வேலிக்கு வெளியே, இன்னொரு திணைக்களத்தின் வாய்க்காலில் முடிவு எழுதப்பட்டுவிட்டது. வயலுக்கு நீர் விட்டது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பூங்காவைத் திட்டமிட்டவர்களும் வாய்க்காலைத் திட்டமிட்டவர்களும் ஒரே மேசையில் உட்காரவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆசியாவிலேயே இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. ஹொங்கொங்கின் மாய் போ பகுதி அடிப்படையில் பழைய இறால் குளங்கள். கண்டல் ஓரத்தில் வரப்புக் கட்டி, கடற்பக்கம் ஒரு துருசு வைத்து, பெருக்கில் நீரோடு இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு வளர்க்கும் முறை. 1980களின் தொடக்கத்திலிருந்து உலக இயற்கை நிதியம் அந்த இடத்தைப் பராமரித்து வருகிறது. அவர்கள் குளங்களைத் தூர்க்கவில்லை, ‘இயற்கை நிலைக்குத் திருப்புகிறோம்’ என்று சொல்லி வரப்புகளை உடைக்கவும் இல்லை. குளிர்காலத்தில் ஒவ்வொரு குளமாக முறைவைத்து நீரை இறக்குகிறார்கள். மிஞ்சிய சிறுமீனுக்கும் இறாலுக்கும் கொக்கும் கரண்டிவாயனும் வந்து விழும். ஒன்று முடிகிற நேரத்தில் அடுத்தது. பறவைக்குப் பந்தி வைப்பது என்று சொன்னால் தப்பில்லை. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், கூட்டமாகப் போக முடியாது. சிங்கப்பூரின் சுங்கை பூலோவும் கைவிடப்பட்ட இறால் குளங்கள்தான். 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டு சொன்னதால் விவசாயத் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்திலிருந்து பிழைத்து, 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி ஒதுக்கிடமானது. அங்கேயும் துருசுப் பலகையைத் தூக்கி இறக்கி நீர்மட்டத்தை ஆள்கிறார்கள். இதில் நமக்குப் பாடமாக இருப்பது 2014இல் அவர்கள் செய்தது. கூட்டம் பெருகியபோது ஒதுக்கிடத்தின் நடுப்பகுதியை மேலும் திறந்துவிடாமல், வெளிப்புறத்தில் புதிய நிலப்பகுதியைச் சேர்த்து அங்கே புதிய வருகையாளர் நிலையத்தைக் கட்டினார்கள். சனம் அங்கே தங்கிவிடும், நடுவில் பறவை நிம்மதியாக இருக்கும். இடமே இல்லாத சிங்கப்பூருக்கு முடிந்த காரியம் இது.

நம் வீட்டுக் கதை இதற்கு நேர் எதிர். நிலாவெளிக் கரைக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைத்தீவு என்பதால் வந்த பெயர். வெள்ளையர் காலத்தில் கடற்படையினர் குறிபார்த்துச் சுட்டுப் பழகிய இடமும் அதுவே. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. 2009இல் போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ்ஸும் வானும் வந்து குவிந்தன. வள்ளத்தில் பத்து நிமிடத்தில் தீவுக்குப் போய்விடலாம். போனவர்கள் நீந்தத் தெரியாவிட்டால் எங்கே காலூன்றுவார்கள்? முருகைக்கல்லின் மேல்தான். நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த முருகைக்கல் செருப்புக் காலின் கீழ் நொறுங்கியது. இதில் வந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. இறங்குதுறையையும் பாதையையும் அழைப்பையும் நேராகத் தீவின் நெஞ்சுக்கே வைத்துவிட்டு, ‘மிதிக்காதீர்கள்’ என்று பலகையை மட்டும் நட்டது யாருடைய வடிவமைப்பு? முருகைக்கல்லாவது இருந்த இடத்தில் இருந்து சாகும், சேதம் கண்ணில் படும். பறவை பறந்துவிடும். நூறு மீற்றர் தூரத்தில் ஆள் நடந்தாலே கூட்டம் எழும்பும் கரைப்பறவைகள் உண்டு. எழும்பிய ஒவ்வொரு தடவையும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரியும். நாள் முழுக்க அடிக்கடி எழுப்பினால் அன்று தின்றதில் நல்ல பங்கு வீண். களப்புக் கரையில் கட்டிய பார்வைக் கோபுரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது அழகான பறத்தல். பறவைக்கு அது நட்டம்.

ஆகையால் லிங்கநகர். ஊருக்குள் என்றால் பறவையே இல்லாத இடம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வலசை வருவதெல்லாம் நீர்ப்பறவையல்ல. மின்கம்பியில் வரிசையாகக் குந்தும் தகைவிலான், வேலித் தடியில் நிற்கும் பழுப்புக் கீச்சான், நீலவால் பஞ்சுருட்டான் எல்லாம் குடியிருப்புகளுக்குள் வந்து குளிர்காலம் கழிப்பவை. ஆறுமணிக்குருவி இவற்றில் அபூர்வமானது. பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒன்பது நிறம் பூசியதுபோல இருக்கும், காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், பகலில் நிழலடியில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். அதற்கு வேண்டியது சருகு. நமது வீடுகளில் விடிந்ததும் முற்றம் கூட்டிச் சருகை மூலையில் குவித்துக் கொளுத்துவது பழக்கம். கூட்டாத முற்றம் மூதேவி வீடு. இந்த நிலையத்தின் பின்வளவு மட்டும் மூதேவி வீடாகவே இருக்கட்டும். புல்தரையும் குரோட்டன் வரிசையும் போடாமல் நாட்டுப் பற்றைகளை விட்டு, சருகைச் சருகாகவே கிடக்கவிட்டால், ஒரு சதமும் செலவில்லாமல் இமயமலை அடிவாரத்துப் பறவைக்கு இங்கே இடம் கிடைக்கும். கட்டடத்தைப் பொறுத்தவரை ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது, அது கண்ணாடி. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன. வெளிச்சம் அவற்றை இழுக்கும், கண்ணாடி கொல்லும். 2023 ஒக்டோபர் 5ஆம் திகதி ஒரே நாளில் அமெரிக்காவின் சிக்காகோ ஏரிக்கரையில் ஒரு மாநாட்டு மண்டபத்தில் மோதிச் செத்த பறவைகள் ஏறக்குறைய ஆயிரம். அடுத்த வருடம் கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் பதித்த படலம் ஒட்டினார்கள், சாவு 95 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது ‘இயற்கையோடு ஒன்றிய கட்டடம்’ என்று சொல்லித் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைக்கிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. நமது வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஆழமான விறாந்தை, தாழ்ந்த கூரை, மரச்சட்டப் பலகணி போதும். அந்தக் கலையை நமது பழைய வீடுகள் ஏற்கெனவே படித்து முடித்திருக்கின்றன.

முதல் ஆட்சேபம் எதிர்பார்த்ததுதான். பறவையைப் பார்க்க வருகிறவனை ஊருக்குள் ஒரு மண்டபத்தில் உட்கார்த்தி வைத்தால் அது நூதனசாலை ஆகிவிடாதா? இதில் பாதி உண்மை இருக்கிறது. படங்களையும் பஞ்சு அடைத்த பறவைகளையும் வைத்துவிட்டு ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அனுப்பும் நிலையத்துக்கு நானும் எதிரி. நிலையம் புறப்படும் இடமாக இருக்க வேண்டும். காலையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி, ஒரு வான். இன்றைக்கு எந்தக் களப்பில் நீர் சரியான மட்டத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். இன்று நிலாவெளி உப்பளம், நாளை கிண்ணியாப் பக்கம். கரையில் நிலையான கட்டடம் எதுவும் வேண்டாம். ஓலையும் தடியும் கொண்டு, முழங்கால் உயரத்தில் ஒரு திறப்பும் நின்றால் கண் மட்டத்தில் ஒரு திறப்பும் வைத்த மறைப்புத் தட்டி போதும். பருவம் முடிந்தால் பிரித்துவிடலாம். கரைப்பறவையை வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே கூட்டம். பக்கத்தில் தொலைநோக்கியும், ‘அலகு வளைந்தது அது, நேராக நீண்டது மூக்கன்’ என்று சொல்லிக் காட்ட ஒரு ஆளும் இருந்தால்தான் பார்வை திறக்கும். கட்டடம் கண்ணைக் கிட்டே கொண்டுபோகாது. பழகிய வழிகாட்டி கொண்டுபோவார். ‘அப்படியானால் லிங்கநகரிலேயே ஒரு குளம் வெட்டிப் பறவையை வரவழைக்கலாமே’ என்று கேட்பவர்கள் லண்டனைக் காட்டுவார்கள். பழைய நான்கு கொங்கிரீட் நீர்த்தேக்கங்களை உடைத்து 2000ஆம் ஆண்டில் திறந்த அந்த ஈரநில நிலையம் உண்மையிலேயே வெற்றிதான். ஆனால் அதன் பரப்பு நாற்பது ஹெக்டயருக்கு மேல். கொஞ்ச இடத்தில் தாமரைக்குளம் வெட்டினால் நுளம்பு வரும், ஒரு மீன்கொத்தி வரும், சைபீரியப் பறவை வராது.

இரண்டாவது ஆட்சேபத்தை இந்த மண்ணை அறிந்த யாரும் இலகுவில் தள்ளிவிட முடியாது. பறவை, காடு, தொல்பொருள் என்று எந்தப் பெயரில் எல்லைக்கல் நடப்பட்டாலும் வடக்கு கிழக்கில் தமிழ் பேசும் சனத்துக்கு முதலில் வருவது பயம். அந்தப் பயம் கற்பனையில் பிறந்ததல்ல. கொக்கிளாயையே எடுப்போம். களப்பு 1951இலிருந்து பறவைச் சரணாலயம், ஏறக்குறைய இரண்டாயிரம் ஹெக்டயர். பாதி முல்லைத்தீவு, பாதி திருகோணமலை. அதாவது இரண்டு மாகாணங்கள். அதன் கரையில் வாழ்ந்த மீனவரும் விவசாயிகளும் 1984இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள், போர் முடிந்து திரும்பி வந்தவர்களுக்குத் தொழிலும் காணியும் இன்னமும் சிக்கலாகவே இருக்கின்றன. அவர்களிடம் போய் ‘உள்ளானுக்காக இந்தக் கரையை விடுங்கள்’ என்று சொல்ல எவருக்கும் வாய் வரக் கூடாது. கட்டடத்தைக் களப்பிலிருந்து விலக்கி வை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நகருக்குள் வரும் நிலையம் களப்பில் ஒரு பேர்ச் காணிகூடக் கேட்காது. அது கேட்பது வேறொன்று: துருசை எப்போது திறப்பது, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பறவைக்கும் ஒரு கதிரை. அந்தக் கூட்டத்தில் முதல் குரல் வீச்சுவலைக்காரருக்கும் வயற்காரருக்கும்தான். இது நடக்காத காரியம் என்றால் தமிழ்நாட்டின் வேடந்தாங்கலைப் பாருங்கள். வயலுக்கு நீர் தரும் சாதாரண ஏரி அது. பறவை எச்சம் விழுந்த நீர் பயிருக்கு உரம் என்று கண்ட ஊரார், சுட வந்த சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 1798 அளவில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உறுதி வாங்கினார்கள். அரசாங்கச் சட்டம் பிறகு வந்தது, ராம்சார் பட்டம் 2022இல்தான் வந்தது. ஊருக்கும் பறவைக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றுக்கும் மூத்தது. கொக்கிளாயில் அந்தக் கொடுக்கல் வாங்கல் என்ன வடிவம் எடுக்கும் என்பதை நகரத்து மண்டபத்தில் உட்கார்ந்து யாரும் எழுதிவிட முடியாது. நிலாவெளி உப்பளத்தில் அது ஒருவிதம், தம்பலகாமத்து வயலில் வேறுவிதம்.

மூன்றாவது, காசு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டுக்குப் பறவை நிலையம் ஒரு கேடா என்று கேட்டால், பல மில்லியன் செலவில் கரையோர மாளிகை கட்டுவது கேடுதான் என்பேன். துருசுப் பலகைக்கும், அளவுகோல் நட்ட தூணுக்கும், நாலு வழிகாட்டிகளின் சம்பளத்துக்கும் அவ்வளவு வேண்டாம். சுற்றுலாக்காரர் கணக்குப் போடும்போது ஒரு விடயத்தை எப்போதும் தவறவிடுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளியில் பருவம் ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர்வரை. வெயிலும் அமைதியான கடலும் திமிங்கிலமும் அப்போதுதான். பறவைகள் பெருமளவில் இருப்பதோ மற்ற ஆறு மாதம். நவம்பரில் மழை அடிக்கும்போது விடுதிகள் பூட்டிக் கிடக்கும், வள்ளக்காரர் வலை பொத்துவார், முச்சக்கரவண்டிக்காரர் ஈயோட்டுவார். ஒருபக்கம் இது நல்ல செய்தி: வேலை இல்லாத மாதங்களுக்கு வேலை தரக்கூடிய ஒரே இயற்கைச் செல்வம் வலசைப் பறவைதான், கோடைக் கூட்டம் அதைத் தொந்தரவு செய்யப்போவதும் இல்லை. மறுபக்கம் கசப்பானது: ஓகஸ்டில் கடற்கரைக்கு வந்த ஆயிரம் பேர் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தாலும், காட்டுவதற்குக் களப்பில் பறவை சொற்பம். வரும் கூட்டத்தை நம்பிக் கட்டணம் போட்டுக் கணக்குத் தீட்டினால் இரண்டாம் வருடமே நட்டம். ஆகவே நிலையம் முதலில் ஊராருடையதாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். மழைக்காலச் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வரக்கூடிய தூரத்தில் அது இருக்க வேண்டும். கட்டடம் லிங்கநகரில் இருந்தால் வரலாம். பத்து மைலுக்கு அப்பால் மணல் ரோட்டின் முடிவில் இருந்தால், ஜீப் வைத்திருப்பவர் மட்டும் வருவார்.

உள்ளே என்ன வைப்பது? முதலில் பெயர்கள். பறவைக்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதும் வேலை நம்மில் பாதியில் நிற்கிறது. வில்லியம் வின்சென்ட் லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகோணமலையிலும் பணியாற்றி, 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட கைநூலில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்தே கொடுத்தார். அதற்குப் பிறகு நமது தமிழ்ப் பெயர்கள் தமிழ்நாட்டுப் புத்தகத்திலிருந்து கொஞ்சம், மொழிபெயர்ப்பாளர் மேசையிலிருந்து கொஞ்சம் என்று கலந்து வருகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் கொக்கிளாயிலும் வலை இழுக்கும் முதியவர்கள் உள்ளானுக்கும் ஆலாவுக்கும் தங்கள் வாயில் என்ன சொல்கிறார்கள் என்பதை எழுதி, மூன்று மொழியிலும் சுவரில் பதிப்பது அந்த நிலையத்தின் முதல் வருட வேலையாக இருக்கட்டும். அதற்கு அடுத்து, வாசலுக்கு நேரே, ஒரு கரும்பலகை. வண்ணத் திரை வேண்டாம், சோக்குக் கட்டியால் எழுதும் பலகையே போதும். இடப்பக்கம் களப்புகளின் பெயர், நடுவில் அன்று காலை அளவுகோல் தூணில் பார்த்த நீர்மட்டம் சென்ரிமீற்றரில், வலப்பக்கம் எண்ணிய பறவைகள். மார்ச் மாதத்தில் நீர் இறங்காமல் நின்றால் அந்தப் பலகையைப் பார்த்தே நீர்ப்பாசனப் பொறியியலாளருக்குத் தொலைபேசி போகும். ஏப்ரல் கடைசியில் வலப்பக்க எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும். மே மாதம் நடுவில், கடற்கரைக்கு வந்து வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு குடும்பம் அந்த விறாந்தையில் ஏறினால், பலகையில் இப்படி இருக்கும்: நீர் 4 சென்ரிமீற்றர், வளைமூக்கு உள்ளான் 0.